தூங்குகிற காதின் அளவு

சென்ற ஆண்டு எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவமனைக்கு எடுத்துப்போகப் பழைய நைட்டிகளைத் தேடியபோது, பீரோவின் அடித்தட்டில் ஒரு சின்ன ரப்பர் முகமூடி கையில் தட்டுப்பட்டது. குழந்தையின் மூக்கும் வாயும் மட்டும் அடங்குகிற அளவு. நடுவில் குழாய் பொருத்துகிற ஓட்டை. கறுப்பு ரப்பர் ஓரங்களில் வெடித்துப்போய், தொட்டால் விரலில் கரி போல ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். ஒரு காலத்தில் அதில் ரோஸ்மில்க் எசென்ஸ் வாசனை வரும். இப்போது பூச்சி உருண்டை வாசனைதான் வந்தது. பின்னால் நின்ற மகள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னம்மா இது, பொம்மையா?" என்றாள். ஆமாம், பொம்மைதான் என்றேன். அதற்கு மேல் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

அதைக் கொடுத்தவர் ஒரு மயக்க மருந்து டாக்டர். எங்கள் மகளின் காதுக்குள் கருவி வைத்த அறுவையைப் பற்றி யாராவது கேட்டால் அறுவை செய்த டாக்டரின் பெயரைத்தான் என் கணவர் சொல்வார். அந்த அம்மாவின் பெயரை நாங்கள் யாரும் சொன்னதில்லை. எங்களுக்கு அவர் எப்போதும் டாக்டரம்மாதான். ஐம்பதைத் தாண்டியவர். கோயம்புத்தூரில் ஒரே நாளில் இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்குத் தன் சின்னக் காரில் ஓடிக்கொண்டிருப்பார். கால்கள் வீங்கியிருக்கும். எங்கே இடம் கிடைத்தாலும் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டேதான் பேசுவார். "ஊரையே தூங்க வெக்கறேன், எனக்குத்தான் தூக்கம் இல்லீங்க" என்பார். ஒருமுறை இப்படியும் சொன்னார்: "என்னைய யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க. வெச்சுக்கிட்டாங்கன்னா நான் என் வேலையச் சரியாச் செய்யலைன்னு அர்த்தம்."

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நல்லூரில் எங்கள் வீடு மாடியில்; கீழே பனியன் துணி பின்னுகிற கணவரின் நிட்டிங் மெஷின்கள். பகலும் இரவும் ஓடும். தரை எப்போதும் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும், தண்ணீர்க் குடத்தில் வளையம் வளையமாக அலை எழும். நான் பிறந்ததும் பல்லடத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில். தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் வாயசைவைப் பார்த்தும் கையைக் காட்டியும் பேசிப் பழகியவர்கள். எங்கள் இரு குடும்பங்களிலும் ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் குரல் கொடுக்க மாட்டோம், தோளைத் தட்டுவோம். சாப்பிட வா என்பதற்கு ஒரு சைகை, மெஷினில் நூல் அறுந்துவிட்டது என்பதற்கு ஒரு சைகை. அதனால்தான் மகளுக்குக் காது கேட்கவில்லை என்பது மூன்று வயது வரை எங்களுக்குத் தெரியாமலே போனது. அவளும் எங்களைப் போலவே முகத்தைப் பார்த்தாள், தோளைத் தட்டினாள், கையைக் காட்டினாள். கீழே மெஷின் நின்றால் தூக்கத்திலிருந்து எழுந்துகொள்வாள். காது எத்தனை கூர்மை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம். அதிர்வு நின்றதைத்தான் அவள் உடம்பு உணர்ந்திருக்கிறது என்று பரிசோதனை அறையில் சொன்னபோது, என் கணவர் தன் உள்ளங்கையை மேசையில் பதித்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்த அலைச்சலை எழுத எனக்கு விருப்பமில்லை. பஸ், டோக்கன், காத்திருப்பு, மறுபடியும் பஸ். அறுவைக்கு ஒரு வாரம் முன்பு டாக்டரம்மாவைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து அந்த முகமூடியை எடுத்தார். ஒரு குப்பியிலிருந்து இரண்டு சொட்டு எசென்ஸை அதன் உட்புறத்தில் தேய்த்தார்.

"ஊட்டுக்குக் கொண்டு போங்க. பொம்மைக்கு வெச்சு வெளையாடட்டும், உங்களுக்கு வெக்கட்டும், அவங்கப்பாவுக்கு வெக்கட்டும். மத்த புள்ளைங்ககிட்ட ஒண்ணும் ஆகாது கண்ணுன்னு சொல்லித் தூங்க வெச்சுருவேன். இவகிட்ட என்னத்தச் சொல்றது? மூஞ்சிய மூடற சாமான் இவளுக்குப் பழக்கமாயிருக்கோணும்."

அப்புறம், செருப்பைக் கழற்றிக்கொண்டு, நான் கேட்காமலே இன்னொன்றையும் சொன்னார். காதுக்குள் துளியளவு ஒரு தசை இருக்கிறதாம். பெரிய சத்தம் வந்தால் அது சுருக்கென்று இழுத்துக்கொள்ளும், கண்ணில் தூசு விழ வரும்போது இமை மூடுவதைப் போல. கருவியின் கம்பியை உள்ளே வைத்ததும், காதை மூடுவதற்கு முன்னால், அதில் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். எந்த அளவில் தசை இழுக்கிறது என்பதை மைக்ராஸ்கோப்பில் அறுவை டாக்டர் பார்ப்பார். "பேசத் தெரியாத புள்ளைக்கு எவ்வளவு சத்தம் தாங்கும்னு யாரக் கேக்கறது? அந்தத் தசையத்தான் கேக்கோணும். இதுல ஒரு தொந்தரவு என்னன்னா, நான் கொடுக்கற மருந்து புள்ளையோட சேத்து அதையும் தூங்க வெச்சுருமுங்க." நான் தலையாட்டினேன். எனக்கு அப்போது இருந்த ஒரே கேள்வி, மகள் திரும்பக் கண்விழிப்பாளா என்பதுதான். அதைக் கேட்டேன். சிரிக்கவில்லை அவர். "முழிப்பாளுங்க. எல்லார்த்துக்கும் கடைசியாப் போறது காது, மொதல்ல திரும்பி வர்றதும் காது" என்றார். கேக்காத புள்ளைக்கு எது மொதல்ல வரும் என்று கேட்டேன். "தெரியலீங்களே. நீங்க அவ கையப் புடிச்சுட்டு இருங்க" என்றார்.

அந்த வாரம் முழுதும் எங்கள் வீட்டில் எல்லோர் முகத்திலும் ரோஸ்மில்க் வாசனை. மகள் பொம்மைக்கு முகமூடியை வைத்துத் தூங்கவைத்தாள். நூல் சுற்றிய அட்டைக் கோனுக்கு வைத்தாள். சாப்பிட்டுக் கண்ணயர்ந்த அப்பாவின் முகத்தில் வைத்து அழுத்தினாள். அவர் திணறி எழுந்து, செத்தவரைப் போல மறுபடி விழுந்து காட்டினார். அறுவை நாளில் அவள் அழவே இல்லை. தியேட்டர் வாசலில் டாக்டரம்மாவைப் பார்த்ததும் அவளாகவே முகமூடிக்குக் கையை நீட்டினாள்.

உள்ளே போய் நெடுநேரம் ஆன பிறகு, ஆடியாலஜிஸ்ட் பெண் வெளியே வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண், கருவியைச் சோதிக்கிற கணினியோடு உள்ளே இருந்தவள். "கம்பி நல்லபடியா உள்ள போயிட்டும்மா. அந்தத் தசை மட்டும் இன்னும் இழுக்கக் காணலை. டாக்டர் காத்திருக்கச் சொல்லியிருக்காங்க. பயப்படாதீங்க, என்ன?" என்றாள். பயப்படாதீங்க என்று சொன்னவளின் நெற்றி முழுக்க வியர்வை. என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கந்தா, கந்தா என்று சொல்லத் தொடங்கினார். எங்கள் தொழிலில் சரியில்லாத பீஸைத் தனியாக எடுத்துப் போட்டுவிடுவார்கள். எடுத்துப் போட முடியாத இடத்தில் ஒரு பொருளை வைத்துவிட்டு, அது வேலை செய்கிறதா என்று வெளியே காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

எல்லாம் முடிந்து டாக்டரம்மா நடைவழி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் தொப்பியின் தடம். பிளாஸ்க்கைத் திறந்து காபியை மூடியில் ஊற்றிக்கொண்டே பேசினார். "நல்லா முழிச்சுட்டா. அந்தத் தசையும் கடைசில இழுத்துருச்சு. மயக்கக் காத்தக் கொறச்சு, நரம்புல போற மருந்துக்கு மாத்துனேன். ஆனா உள்ள போன காத்து முழுசா வெளிய வர்றதுக்கு நேரம் பத்தலீங்க. அடுத்த ஆபரேஷனுக்கு ஆள் காத்திருக்குது, தெறந்த காதை வெச்சுக்கிட்டு எத்தன நேரம் நிக்கறது? அதனால அது இழுத்த நம்பர் ஒசரமா வந்திருக்குது. தூங்கற காதோட அளவு அது. முழிச்ச காதுக்கு அத்தன தேவைப்படாது." இத்தனையையும் அவர் என்னிடம்தான் சொன்னார். எனக்குள் போனது முதல் வாக்கியம் மட்டும்தான். நல்லா முழிச்சுட்டா. அந்த நிலையில் எந்தத் தாய்க்கும் அதற்கு மேல் எதுவும் காதில் விழுந்திருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

காயம் ஆறி, கருவியை முதன்முதலாக இயக்குகிற நாள் வந்தது. தலைக்கு வெளியே காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்ட வில்லை, காதின் மேல் ஒரு சின்ன இயந்திரம். ஆடியாலஜிஸ்ட் கணினி முன்னால் உட்கார்ந்து, குறைந்த அளவிலிருந்து தொடங்கினாள். மகள் கையில் நூல் கோன் இருந்தது. அதைத் தரையில் சுழற்றிக்கொண்டிருந்தாள். எதுவும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினாள். எதுவும் நடக்கவில்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க மேடம், எங்க ஊடு மெஷினுக்கு மேலங்க. வாயத் தொறந்தா நாங்க எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். மெதுவா வெச்சா அங்க ஒண்ணுமே கேக்காதுங்க. கொஞ்சம் சேத்தியே வையுங்க" என்றார். சத்தத்தின் மேலேயே குடியிருப்பவருக்கு, எதையும் கேட்கவைக்க இன்னும் சத்தமாக வைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு வழி எப்படித் தோன்றும்? ஆடியாலஜிஸ்ட் பெண் தியேட்டரில் கிடைத்த நம்பரைப் பார்த்தாள். அதுவரை போகலாம் என்றுதான் அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. போனாள்.

மகள் அலறியதை நான் இன்றும் கேட்கிறேன். அதுவரை அவள் அழுதால் பசி, வலி, பிடிவாதம் என்று எங்களுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். இது அவற்றில் எதுவும் இல்லை. வில்லையைப் பிய்த்து எறிந்துவிட்டு மேசைக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டாள்.

அதன்பிறகு கருவி வைத்திருந்த பெட்டியைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள். நம்பரை இறக்கி வைத்துக் கொடுத்தார்கள். அவள் வில்லையைத் தலைப்பக்கம் கொண்டுவரவே விடவில்லை. பிடித்து மாட்டினால் என் கையைக் கடித்தாள். முகமூடிக்கு அத்தனை ஆசையாகக் கையை நீட்டிய குழந்தை என் கையைப் பார்த்துப் பயந்தாள். மெஷின் ஓட்டுகிற ஆட்கள் மாடிக்கு ஏறிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கணவரின் அத்தை ஒருநாள் வந்து, "கேக்காமயே புள்ள சிரிச்சுட்டுத் திரிஞ்சா. காசக் கொடுத்து அழுவாச்சிய வாங்கிட்டு வந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரோடு சண்டை போடவும் எனக்குத் தெம்பில்லை. பேச்சு வருகிற வயது கடந்து போய்க்கொண்டிருந்தது. மாட்டாத கருவியால் எந்தப் பயனும் இல்லை. இந்தக் காதை இன்னொரு முறை திறந்து பார்க்கிற பேச்சையும் யாரும் எடுக்கவில்லை.

நான் அப்போது ஒரு சாயப்பட்டறையின் லேபில் இருந்தேன். வாடிக்கையாளர் அனுப்பிய நிறத்துக்குச் சாம்பிள் துணியைச் சாயமேற்றி ஒப்பிடுகிற வேலை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குடுவையிலிருந்து நீலத் துணியை எடுத்துப் பிழிந்து என் முன்னால் நீட்டினாள். "மேம், ஷேடு கரெக்டா வந்துருச்சுங்க. ஓகே பண்ணிரட்டுங்களா?" நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: ஈரத்தில் பார்க்காதே, காய்ந்தால் இறங்கிவிடும். ஈரத் துணி எப்போதும் உண்மையைவிட அழுத்தமாகத்தான் காட்டும். அதை நம்பி ஒரு லாட் துணி முழுவதையும் சாயத்தில் போட்டுக் கெடுத்தவர்கள் உண்டு. சொல்லி முடித்துத் துணியை அயர்ன் பண்ணக் கொடுத்தபோது, நடைவழி பெஞ்சும் பிளாஸ்க்கின் மூடியும் நினைவுக்கு வந்தன. தூங்கற காதோட அளவு அது. அன்று உள்ளே போகாத சொற்கள் எங்கே கிடந்தன என்று தெரியவில்லை, ஒவ்வொன்றாக வந்தன. மறுநாளைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் மகளையும் கணவரையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். டாக்டரம்மா ஓர் அறுவைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இருந்தார். நான் சொன்னதை முழுதும் கேட்டார். ஈரத் துணியைச் சொன்னபோது மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அதேதானுங்க. இத்தன வருஷம் நான் சுத்தி வளைச்சுச் சொல்லிட்டிருந்தத ஒரு துணிய வெச்சுச் சொல்லிப்போட்டீங்க" என்றவர், பச்சை உடையும் தொப்பியுமாக எங்களோடே நடந்து ஆடியாலஜிஸ்டின் அறைக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, நான் என்ன காத்து, எத்தன போட்டிருந்தேன்னு கேக்காம அந்த நம்பர எடுத்துக்கிட்டியே?"

"எனக்கு யாரும் சொல்லலையே மேடம்" என்றாள் அந்தப் பெண். அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"சர்ஜன்கிட்டச் சொன்னேன். தலைய ஆட்டுனாரு."

"அப்ப அவர்கிட்டல்லா கேக்கணும்."

"கேட்டா மறுபடியும் தலைய ஆட்டுவாரு. தலைய ஆட்டறதெல்லாம் கேட்டதா ஆகாதும்மா. காதுக்குப் படிச்சவ நீ, உனக்கு நான் சொல்லோணுமா?"

அந்தப் பெண் அழுகையின் நடுவே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பல வாரங்களுக்குப் பிறகு முதல்முறையாக.

டாக்டரம்மா போகவில்லை. ரப்பர் முகமூடியைக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டார். மகளின் பையில் எப்போதும் இருக்கும். அதை வாங்கித் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். அறைக்குள் வந்ததுமே மேசைக்கடியில் புகுந்துகொண்ட மகள் எட்டிப் பார்த்தாள். அவர் தலை சாய்ந்து தூங்கினார். மகள் வந்து அவரைத் தட்டி எழுப்பினாள். பிறகு வில்லையைத் தன் தொப்பியின் மேல் வைத்துக் காட்டினார், பொம்மையின் தலையில் வைத்தார், கடைசியாக மகளின் கையிலேயே கொடுத்துவிட்டார். கணினியில் அளவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்கிற இடத்தில் இருந்தது. மகள் அவளாக வில்லையை ஒட்டிக்கொண்டாள்.

"இப்ப நம்பரப் பாக்காதே, இவ மூஞ்சியப் பாரு" என்றார் டாக்டரம்மா. ஒவ்வொரு படியாக ஏற்றினாள் அந்தப் பெண். ஓர் இடத்தில், அன்றும் அவள் சுழற்றிக்கொண்டிருந்த நூல் கோனின் மேல் மகளின் கை அப்படியே நின்றது. வேறு எதுவும் இல்லை. திரும்பவில்லை, சிரிக்கவில்லை. கை நின்றது. சத்தத்தை நிறுத்தியதும் கை மறுபடி சுழற்றியது. கொடுத்ததும் நின்றது. "போதும். இதுதான் காய்ஞ்ச ஷேடு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். தியேட்டர் நம்பருக்கு வெகு கீழே இருந்தது அது. முதல் நாளிலும் அவள் கை இப்படி நின்றிருக்கலாம். நாங்கள் எல்லோரும் அவள் துள்ளித் திரும்புவாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் கணவர் அதன்பிறகு ஒன்று செய்தார். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் எல்லா மெஷின்களையும் நிறுத்தினார். ஆர்டர் நெருக்கடியிலும் நிறுத்தினார். எங்கள் வீட்டில் அதற்கு முன் அப்படி ஒரு அமைதி இருந்ததே இல்லை. குக்கரிலிருந்து நீராவி கசிகிற சத்தம்கூடக் கேட்டது. அந்த அமைதியில் எங்களுக்கு எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தால் கத்தலாகத்தான் வந்தது. மகளைவிட எங்களுக்குத்தான் பயிற்சி தேவைப்பட்டது. தலையாட்டினால் ஆகாது, வாயில் சொல்ல வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் சட்டமானது. அவர் அவளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, அடக்கி, ரகசியம் சொல்வது போல "கண்ணு" என்பார். பல நாட்கள் அவள் திரும்பவில்லை. அவரும் விடவில்லை. ஒரு நாள் திரும்பினாள். அவர் எழுந்து கீழே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடத் தொடங்கியது. மெஷின் சத்தத்தில் யார் அழுதாலும் கேட்காது.

டாக்டரம்மாவைப் பிறகு இரண்டு முறை நடைவழியில் பார்த்தோம். அவ்வளவுதான். மகள் பேசத் தொடங்கியபின் கூட்டிக்கொண்டு போனோம். அவர் வேலையை விட்டுவிட்டதாகவும் வெளியூரில் யாருடனோ இருப்பதாகவும் சொன்னார்கள். இருக்கிறாரா இல்லையா என்றுகூட இன்று எனக்குத் தெரியாது. மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். அவள் குரலில் சில எழுத்துகள் இன்னும் கொஞ்சம் உருண்டு வரும். தெருவில் யாராவது அவள் தலையிலிருக்கும் வில்லையைத் திரும்பிப் பார்த்தால் நான்தான் குறுக்கே போய் மறைக்கிறேன், அவள் கண்டுகொள்வதில்லை. இத்தனை வருடங்கள் கழித்தும் போன் அடித்தால் திடுக்கிடுகிறேன். அந்த வாரங்களின் அசதி உடம்பைவிட்டு முழுதாகப் போகவே இல்லை.

என் அறுவை நாளில் முகத்தின் மேல் வந்த முகமூடி ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக்கில் இருந்தது. எந்த வாசனையும் இல்லை. பெயர் தெரியாத ஓர் இளைஞர் மூச்சை இழுத்து விடச் சொன்னார். இவரையும் நான் மறந்துவிடுவேன் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது முதலில் சத்தம்தான் வந்தது. டாக்டரம்மா சொன்னபடியே. கண் திறக்கவில்லை, கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனால் எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கீச்சிட்டது. எவர்சில்வர் மூடி ஒன்று விழுந்து சுழன்றது. அது தலைக்குள்ளேயே விழுந்தது போல இருந்தது. முகத்தைச் சுளித்திருப்பேன் போலிருக்கிறது.

"அம்மா, சத்தம் ஜாஸ்தியா இருக்குதா? நான் மெதுவாப் பேசட்டுமா?"

கண்ணைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்ற கையில் அந்தக் கறுப்பு முகமூடி இருந்தது. பீரோவிலிருந்து எப்போது எடுத்துப் பையில் வைத்தாளோ. இல்லை என்று தலையை அசைத்தேன்.

"தலையாட்டுனா ஆகாதும்மா. வாயில சொல்லு" என்றாள். இன்னும் குரலைத் தணித்து, ரகசியம் போல.

நாக்கு எழ நேரமானது. அவள் காத்திருந்தாள்.

"நல்லாக் கேக்குது கண்ணு" என்றேன்.